கழுத்துக்கு மேல் பாலே

"கழுத்து வரைக்கும் நன்றாக ஆடுகிறாய். அதற்கு மேல் ஆளே இல்லை" என்றார் என் பாலே நடன ஆசிரியை. வேலூரில் வேலை பார்த்த வெள்ளைக்கார டாக்டர் ஒருவரின் மனைவி. பத்து வயதிலிருந்து அவரிடம் கற்றவள் நான். அவர் இதை ஆங்கிலத்தில் சொன்னார். அது இன்னும் கேவலமாக இருந்தது.

எழுபதுகளின் கடைசி. ஜமுனாமரத்தூரில் எனக்குப் பள்ளிக்கூட வேலை, விடுதியிலேயே அறை. சனிக்கிழமைதோறும் மலையிறங்கி, போளூரில் பஸ் மாறி வேலூர் போவேன். அந்தக் கோடையோடு அவர் தன் ஊருக்குத் திரும்பவிருந்தார். சின்னப் பிள்ளைகள் வகுப்பை என்னிடம் விடச் சொல்லிக் கேட்டிருந்தேன். தலை சரியாகாவிட்டால் வகுப்பையே மூடிவிடுவேன் என்றார்.

பாலேயில் பயிற்சி எல்லாம் இடுப்பு உயரக் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் தொடங்கும். ஒரு கை கம்பியில், மறு கை காற்றில். மேல்வகுப்புக்கு வந்தபின் காலைத் தூக்குவது பெரிய விஷயமில்லை. கை விரியும்போதே தலையும் திரும்பி, இரண்டும் ஒரே மூச்சில் போய்ச் சேர வேண்டும். என் தலை ஒன்று முந்திக்கொள்ளும், இல்லை கை போய் நின்ற பிறகு ஞாபகம் வந்து திரும்பும்.

விடுதி வராந்தாவின் மரத்தடுப்பு சரியான உயரத்தில் இருந்தது. காலையில் அதைப் பிடித்துப் பயிற்சி செய்வேன். சற்றுத் தள்ளிச் சமையல்காரப் பெண் உட்கார்ந்து புளியில் கொட்டை எடுப்பாள். மலைக்காரி. என் வயதுதான், வாய் அதிகம்.

"இன்னா டீச்சரு, செவுத்தயே மொறைக்கிறீங்க? அது இன்னா பண்ணுச்சு ஒங்கள?"

"ஒன் வேலயப் பாரு."

ஒருநாள் விறகுக்காரன் மறுபடியும் ஈர விறகைக் கொண்டுவந்து இறக்கினான். தடுப்பை விடாமலே கத்தினேன். "எத்தினி தபா சொல்றது? எடுத்துனு போ வெளிய!" கை கேட்டைப் பார்த்து நீண்டது. அவன் முணுமுணுத்தபடி கட்டைத் தூக்கினான்.

அவள் சிரித்தாள். "திட்றப்போ மட்டும் கையும் தலையும் ஒண்ணா எவ்ளோ ஜோரா போவுது! கால் தூக்கறப்போ தலைய வூட்டுலயே வெச்சுட்டு வந்துடறீங்க."

எரிச்சலாக இருந்தது. ஆனால் அவள் சொன்னது சரி. திட்டும்போது முதலில் கண் அவனிடம் போனது, தலை கூடவே திரும்பியது, கையும் அதோடு போய் முடிந்தது. பயிற்சியில் நான் யாரையும் பார்ப்பதில்லை. ஒன்று, இரண்டு என்று மனதுக்குள் எண்ணிக்கொண்டு நிற்பேன், அவ்வளவுதான்.

மறுநாள் அவளைச் சுவரோரம், கை விரியும் பக்கம் உட்காரவைத்தேன். இரண்டு நாளில் அடுத்த குறை சொன்னாள்.

"என்னிய ஏன் அடிக்க வர்ற மாதிரி பாக்கறீங்க? வெறகுக்காரன் போய்ட்டான்."

"பின்ன எப்டி பாக்கறது?"

"தங்கச்சிய பஸ் ஏத்தி வுட்டுட்டு, பஸ்ஸு வளைவுல திரும்பற வரிக்கும் பாப்பீங்க இல்ல? அப்டி."

செய்துபார்த்தேன். தாடை தானாக இறங்கியது. பார்வை விரல் நுனியில் நின்றுவிடாமல் அதைத் தாண்டிக் கொஞ்சம் போனது. அத்தனை வருடத்தில் அந்தக் கொஞ்சம் எனக்குக் கிடைத்ததே இல்லை. ஒரு குறைதான். வலப்பக்கம் முடிவதற்குள் உலை கொதித்துவிடும், இடப்பக்கம் செய்யும்போது அவள் இருக்க மாட்டாள்.

கடைசிச் சனிக்கிழமை ஆசிரியை நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். வலப்பக்கத்தை முடியும் வரை பார்த்தார். இடப்பக்கத்தைப் பாதியில் நிறுத்தினார்.

"இந்தப் பக்கம் இன்னும் பாதி உயிர்தான்."

சண்டைக்கு வாயைத் திறந்தேன். கை காட்டி அடக்கினார். "பிள்ளைகளோடு சேர்ந்து சரிசெய்துகொள். ஜூனில் பதினோரு பேர் வருவார்கள். அறைச் சாவி இந்தா."

வாங்கிக்கொண்டேன். நன்றி சொல்லவில்லை என்பது பஸ்ஸில்தான் உறைத்தது. ஜூனில் பதினோரு பேரும் வந்தார்கள். நான் போட்ட சத்தத்தில் முதல் நாளே மூன்று பேர் அழுதார்கள். ஒருத்தி மட்டும் எதையும் காதில் வாங்காமல், கை போன பக்கம் முகத்தைத் திருப்பிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவளைக் கம்பியில் முதல் ஆளாக நிறுத்தினேன்.