நாற்பது எழுத்துக்குள்

துறைமுகத்தை அண்டிய ஒரு மீன் குளிர்களஞ்சியத்தில், இயந்திரங்களைக் கண்காணிக்கும் அறையில் எனக்கு வேலை. அறைகளின் குளிரையும் கொம்பிரசர்களின் அழுத்தத்தையும் ஒரு கணினித் திரை காட்டும். ஏதாவது பிசகினால் அந்த வரி சிவப்பாகும். பார்த்துவிட்டோம் என்பதற்கு ஒரு பொத்தானை அழுத்தி, பக்கத்துக் கட்டத்தில் காரணத்தை எழுதவேண்டும். நாற்பது எழுத்துக்குமேல் அந்தக் கட்டம் ஏற்காது. தமிழும் அதற்குத் தெரியாது. ஆங்கில எழுத்தில்தான் தமிழை எழுதுவோம்.

நான் காலை ஆறு மணிக்கு வருகிறவன். இரண்டு மணிக்கு என்னிடம் பொறுப்பெடுக்கக் கிண்ணியாவிலிருந்து ஒருவர் வருவார். எந்தக் கொம்பிரசர் ஓடுகிறது, எந்த அறையில் புதிதாக மீன் இறக்கியிருக்கிறது என்று பத்து நிமிசம் கதைப்போம். பிறகு நான் பாலையூற்றில் இருக்கிற வீட்டுக்கு வெளிக்கிட்டுவிடுவேன்.

அந்தக் கட்டத்தில் வேறு கதை எழுதத் தொடங்கியவர் அவர்தான். ஒருநாள் காலை பார்த்தால், கதவு பூட்டாததால் சிவப்பான ஒரு வரியின் பக்கத்தில், "கதவு பூட்டேல்ல. சரியான வெக்கை" என்று இருந்தது. அடுத்த சிவப்பு வரி வந்தபோது, எங்கள் பக்கமும் அப்படித்தான் என்று நான் எழுதினேன். அது எட்டு வருசம் நடந்தது. நோன்பு மாதத்தில் கஞ்சி வைத்திருக்கிறேன், சூடாக்கிக் குடியுங்கள் என்று எழுதுவார். என் மனைவி ஆஸ்பத்திரியில் இருந்த கிழமை, ஒரு சிவப்பு வரியையும் விடாமல், "இப்ப எப்பிடி?" என்று கேட்டிருந்தார். அதை நேரில் கேட்க அவருக்குக் கூச்சம், சொல்ல எனக்கும் கூச்சம். எல்லாம் ஒழுங்காக ஓடும் நாளில் எழுத இடமே இருக்காது. சின்னதாக ஒரு அலாரமாவது வராதா என்று திரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். வேலைக்காரன் நினைக்கக்கூடாத நினைப்புத்தான்.

நாடே பெற்றோலுக்கு வரிசையில் நின்ற வருசம் அவர் வேலை தேடிக் கட்டாருக்குப் போனார். கடைசி நாளும் அதே பத்து நிமிசம்தான். இரண்டாம் கொம்பிரசரில் எண்ணெய் கசிகிறது என்று நான் சொன்னேன். பார்க்கிறேன் என்றார். பிறகு பெருநாளுக்கும் பொங்கலுக்கும் தொலைபேசியில் வாழ்த்துச் சொல்வதோடு நின்றுவிட்டது.

இந்த வருசம் பழைய மென்பொருளை மாற்ற, கொழும்பிலிருந்து பொறியியலாளரான ஒரு பெண்பிள்ளை வந்தா. இரண்டு கிழமை என் பக்கத்தில் இருந்து, பழைய திரைகளை ஒவ்வொன்றாகக் காட்டி, எது வேண்டும், எது வேண்டாம் என்று பொறுமையாகக் கேட்டா. பழைய அலாரக் குறிப்புகள் மட்டும் புதியதற்கு வராது என்றா. பழைய கணினியை நிறுத்துவதற்கு முதல்நாள்தான் எனக்கு வாய் வந்தது.

"பிள்ளை, அந்தக் குறிப்புகளைத் தனியா எடுக்க ஏலுமா?"

"ஏதும் விசாரணைக்கா, அங்கிள்?"

"இல்லை. கூட வேலை செய்த ஒருத்தர் எழுதினது."

அவ மேற்கொண்டு கேட்கவில்லை. மனேஜரிடம் ஒரு சொல் கேட்டுவிட்டு, எல்லாவற்றையும் அச்சடித்துத் தந்தா.

வீட்டில் இருந்து வாசித்தேன். ஒரு பக்கத்தைப் படம்பிடித்து அவருக்கு அனுப்பினேன். வெள்ளிக்கிழமை அவரே தொலைபேசியில் எடுத்தார்.

"மச்சான், இதெல்லாம் நான் எழுதினதா? ஞாபகமே இல்ல."

எனக்கு முகம் சுருங்கிப்போனது. அவருக்கு அது தெரிந்திருக்காது. அங்கேயும் குளிர்களஞ்சிய வேலைதான் என்றார். தங்குகிற ஒரே அறையில் பன்னிரண்டு பேர் இருந்தும் யாரும் யாரோடும் கதைப்பதில்லையாம்.

"எழுதினது ஞாபகமில்ல. ஆனா ஊர நினைச்சா, நான் வந்தோடனே நீங்க கதிரைய விட்டு எழும்புறதுதான் முதல்ல வருது."

எப்போது வருவீர்கள் என்று கேட்டேன். இன்னும் இரண்டு வருசத்துக்கு ஏலாது என்றார்.

புதிய திரை நல்லதுதான். எழுத்துப் பெரிது, பிழை எங்கே என்று உடனே காட்டுகிறது, தமிழில் எவ்வளவும் எழுதலாம். அதில் நான் வேலைக் காரணம் மட்டுமே எழுதுகிறேன்.

அவர் கதைத்ததற்கு அடுத்த திங்கட்கிழமை இரண்டு மணிக்கு, இப்போது வருகிறவரிடம் பொறுப்புக் கொடுத்துவிட்டு நான் உடனே வெளிக்கிடவில்லை. ஏதும் பிரச்சினையா என்று கேட்டார். இல்லை, சும்மாதான் என்றேன். அவருக்கு ஊர் இறக்கக்கண்டி என்பதே அன்றுதான் தெரியவந்தது. மூன்று பிள்ளைகளாம், மூத்தவளுக்குப் பள்ளிக்கூடச் சோதனை வருகிறதாம். அவர் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தேன். நடுநடுவே என் மனம் கட்டாருக்குப் போய்ப் போய் வந்தது.