மேற்கு மேலே இருக்கும் வரைபடம்

நான் பூகோள ஆசிரியர். வடக்கு மேலே இல்லாத வரைபடத்தைப் பார்த்தால் எனக்குக் கை பரபரக்கும். செம்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்ட, எங்கள் கடலூர்க் கடற்கரையின் பழைய வரைபடம் ஒன்றை ஆசையாக வாங்கிச் சிதம்பரத்தில் ஃபிரேம் போடக் கொடுத்தேன். எழுத்துகள் நேராகத் தெரியட்டும் என்று கடைக்காரர் மேற்கு மேலே வரும்படி கொக்கி அடித்திருந்தார். சண்டை போட்டு மாற்றவைத்து, செம்மண்டலத்தில் என் வீட்டில் வடக்கு மேலே இருக்க மாட்டினேன்.

கடலூர் துறைமுகத்தில் விசைப்படகு ஓட்டும் என் மனைவியின் தம்பி ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தான். கழுத்தைச் சாய்த்து அதைப் பார்த்தான்.

"மாமா, சிதம்பரம் கோபுரம் நாலும் ஏன் படுத்துக்கினு இருக்கு? இதக் கடல்லேர்ந்து பாத்துல்ல வரஞ்சிருக்கான். கோபுரத்த அடையாளம் வச்சுத்தான் கப்பல் வந்திருக்கும். படகுல வர்றவனுக்குக் கரை மேக்கால, எதுக்கத்தான இருக்கும்."

கொக்கியை நானே பிடுங்கி மாற்றி அடித்தேன். மயிரிழைக் கோடுகளில் நான்கு கோபுரங்களும் எழுந்து நின்றன.

மறுநாள் படத்தை வகுப்புக்கு எடுத்துப்போனேன்.

"வடக்கு மேல இல்ல சார், தப்பு," என்றாள் முன்பெஞ்சு மாணவி. நான் கற்றுக்கொடுத்ததுதான்.

"படகுல உக்காந்துகிட்டுப் பாரும்மா," என்றேன்.