செவ்வாயும் வியாழனும்

வேலந்தாவளத்தில் கௌசிகா வேலைக்குப் போவது என்றால் பெரும்பாலும் மாடியறைக்குப் போவதுதான். கோவையிலுள்ள அவள் கம்பெனி, ஆஸ்பத்திரிகளுக்காக இன்சூரன்ஸ் விண்ணப்பங்களைச் சரிபார்த்துக் கொடுக்கிறது. கொரோனாவுக்குப் பிறகு வாரத்தில் இரண்டு நாள் ஆபீஸ், மற்ற நாள் வீடு என்று ஆக்கிவிட்டார்கள்.

பஸ் அலைச்சல் இல்லாத உத்தியோகம் என்று அக்கம்பக்கத்தில் அவளைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள். அவளோ அந்த இரண்டு நாளுக்காக மற்ற நாட்களைத் தள்ளிக்கொண்டிருந்தாள். காரணம் நர்மதா. வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து பக்கத்து சீட். இருவரும் ஒரே சமயத்தில்தான் டீம் லீடர் ஆனார்கள். வீட்டில் கௌசிகா ஒருத்திக்கு மருமகள், ஒருத்தனுக்கு அம்மா. நர்மதாவிடம் மட்டும்தான் எதுவுமாக இல்லாமல் சும்மா இருக்க முடிந்தது.

போன வருஷம் மேனேஜர் ஜோஜோ அவளைக் கூப்பிட்டார்.

"பாதி சீட் சும்மா கிடக்குது கௌசிகா. ஒரு மாடியைத் திருப்பிக் கொடுத்தா வாடகை மிச்சம். இனிமே வாரத்துக்கு ஒரு நாள் வந்தாப் போதும். உங்க ரெண்டு டீமும் எப்படி வந்தா சரியா வரும்? நீங்களே சொல்லுங்க."

கௌசிகாவுக்கு விடை தெரிந்தே இருந்தது. புதிதாகச் சேர்ந்தவர்கள் பழையவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் கற்றுக்கொள்கிறார்கள். ஆகவே ஒரு டீம் முழுதாக ஒரே நாளில் வர வேண்டும். இடமோ ஒரு டீமுக்குத்தான் இருக்கும்.

"நர்மதா டீம் செவ்வாய் வரட்டுங்க சார். நாங்க வியாழன் வர்றோம்" என்றாள்.

அன்று மாலை நர்மதா போன் செய்தாள். "ஏம்புள்ள, என்னையத் தள்ளி வெக்க வேற ஆளே கெடைக்கலியா உனக்கு?"

"வேற வழி இருந்தாச் சொல்லியிருக்க மாட்டனா?"

நர்மதா சிரித்தாள்.

ஏற்பாடு நன்றாகவே நடந்தது. வேலையை விட்டுப் போகிறவர்கள் குறைந்தார்கள், தப்பும் குறைந்தது. மற்ற டீம்களுக்கும் அதையே வைத்தார்கள். கௌசிகாவுக்குப் பாராட்டு கிடைத்தது. வியாழனன்று அவள் போய் உட்கார்ந்தால், செவ்வாயன்று நர்மதா உட்கார்ந்த அதே நாற்காலி தாழ்ந்திருக்கும்; நர்மதா குட்டை. போனில் தினமும் பேசினார்கள். ஆனால் குக்கர் சத்தத்துக்கு நடுவே வேலைப் பேச்சுதான் வந்தது; சோற்றைப் பிசைந்துகொண்டே தானாக வருகிற பேச்சு வரவில்லை.

கணவன் கோபிநாத் இதைக் கவனித்திருக்க வேண்டும். ஒரு நாள் தோப்பிலிருந்து வந்தவன், "ஒரு செவ்வாக்கெழமை லீவு போட்டுட்டுப் போய்ப் பாத்துட்டு வா புள்ள" என்றான்.

"லீவு போட்டுட்டு ஆபீசுக்குங்களா? சிரிப்பாங்க."

"சிரிச்சாச் சிரிச்சுட்டுப் போறாங்க."

போனாள். ஆபீசுக்குப் பக்கத்து மெஸ்ஸில் இருவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். பொரியலை மாற்றி மாற்றி எடுத்துக்கொண்டிருந்தபோது நர்மதா சொன்னாள்: "அவருக்கு ஓசூருக்கு மாத்தலாயிருச்சு புள்ள. நானும் போறேன். அங்கிருந்தே வேலை பாக்கலாம், மாசத்துக்கு ஒருக்கா வந்தாப் போதும்னு ஜோஜோ சாரு சொல்லிட்டாரு. இந்த ஏற்பாடு இல்லீன்னா வேலைய விட்டிருப்பேன்."

"நல்லதுதான புள்ள" என்றாள் கௌசிகா. மனதார நல்லதுதான் என்று நினைத்தாள். கை மட்டும் இலையில் அப்படியே நின்றது. "அந்த ஒரு நாளை வியாழனா வெச்சுக்கயேன்."

"என்ற டீம் செவ்வாய்தான புள்ள வருது? அவங்களப் பாக்கத்தான வர்றதே."

நர்மதாவின் இடத்தில் இருந்தால் கௌசிகாவும் இதையேதான் சொல்லியிருப்பாள். புதுப் பெண் ஒருத்தி சந்தேகம் கேட்டு போன் செய்யவும், நர்மதா பாதியில் எழுந்து கை கழுவப் போனாள்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து கௌசிகா செல்போனைத் திறந்தாள். அடுத்த மாதம் நர்மதா வரப்போகும் செவ்வாய்க்கு, ஜோஜோவிடம் இப்போதே லீவு கேட்டு அனுப்பினாள்.