டத்தோவுக்குத் திறக்காத இன்குபேட்டர்

1. மூன்று கூட்டங்கள்

டத்தோ பட்டம் பெற்ற பிரமுகர் ஒருவர் எங்கள் ஆய்வகத்தைப் பார்க்க வருகிறார் என்றதும் நாங்கள் செய்த முதல் ஆராய்ச்சி, வரவேற்புப் பதாகை என்ன நிறத்தில் இருக்க வேண்டும் என்பது. அதற்கே இரண்டு கூட்டம் ஆனது. மூன்றாவது கூட்டத்தில்தான் டைரக்டர் டாக்டர் குணா விஷயத்துக்கு வந்தார்.

"பரமேஸ், டத்தோ வர்றப்ப இன்குபேட்டரத் தொறந்து அந்த பேக்க எடுத்து அவரு கையில குடுத்துருங்க. போட்டோ நல்லா வரும்லா."

கோலா சிலாங்கூருக்கு வெளியே இருந்த அந்தச் சிறிய ஆய்வகத்தில் நான் அப்போது சீனியர் டெக்னாலஜிஸ்ட். பத்தாங் பெர்ஜுந்தாயிலிருந்து தினமும் போய் வந்தேன். பல பேர் எதை எதையோ கையில் பிடித்துப் படமெடுத்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த பேக் வேறு.

ஏதோ ஒரு குழந்தை பிறந்தபோது தானமாகக் கிடைத்த தொப்புள்கொடி இரத்தம் அது. அதிலுள்ள ஸ்டெம் செல்களை இரத்தப் புற்றுநோய்க்காரருக்குச் செலுத்தினால் புது இரத்தம் ஊறும். ஆனால் ஒரு கொடியில் கிடைப்பது கொஞ்சம். சிறு பிள்ளைக்குப் போதும். பெரிய ஆளுக்கு வெள்ளை அணுக்கள் ஏற வெகு நாளாகும், அதற்குள் ஏதாவது கிருமி ஆளைக் கொண்டு போய்விடும். அதனால் செலுத்துவதற்கு முன்பே அந்தச் செல்களை மூன்று வாரம் இன்குபேட்டர் என்ற சூட்டுப் பெட்டியில் வைத்துப் பெருக்குவோம். உறைநிலையிலிருந்து ஒருமுறை இளக்கிய இரத்தம் அது, கெட்டால் வேறு கிடையாது.

"டாக்டர், சூடு எறங்கிரும். கிருமி உள்ள போனா எல்லாம் போச்சு."

"ரெண்டே நிமிஷம் பரமேஸ். செல்லுக்குக் கடிகாரம் தெரியுமா?"

கூட்டத்தில் எல்லாரும் சிரித்தார்கள். இன்குபேட்டர் இருக்கும் கிருமி புகாத கிளீன் ரூமுக்குள் டாக்டர் குணா கடைசியாக நுழைந்தது அதன் திறப்பு விழாவில்.

2. கெர்லிங்கிலிருந்து வந்தவர்

எங்களுக்கு நோயாளியின் பெயர் தெரியாது, ஒரு எண்தான் தெரியும். ஆனால் அந்த வாரம் அந்த எண்ணின் மனைவியே வந்து நின்றார். சாந்தி என்று பெயர். கெர்லிங் பக்கம் எஸ்டேட் நர்சரியில், எண்ணெய் எடுக்கும் செம்பனையின் கன்று வளர்க்கிற வேலை. கணவர் மணிமாறன் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுநர், நல்ல கனமான ஆள். கூடப் பிறந்தவர்கள் யாருடைய எலும்பு மஜ்ஜையும் அவருக்குப் பொருந்தவில்லை.

"அக்கா, அவருக்கு வேண்டிய ரத்தம் இங்கதான் வளருதுன்னு வார்டுல சொன்னாங்க. ஒரு தடவ பாத்துட்டுப் போயிர்றேன்."

கதவைத் திறந்தால் என்னாகும் என்று சொன்னேன். அவர் உடனே தலையாட்டினார்.

"ஆமாக்கா. வேர் விட்டுச்சான்னு கன்னுகளப் புடுங்கிப் புடுங்கிப் பாத்தா செத்துரும்ல. நீங்க பாத்துக்கிட்டாப் போதும்."

டைரக்டருக்கு மூன்று கூட்டத்தில் புரியாதது இவருக்கு ஒரு நிமிடத்தில் புரிந்தது. போகும்போது இன்னொன்றும் சொன்னார். மணிமாறனின் பழைய மஜ்ஜையை அழிக்கிற மருந்தை அன்று காலையில் ஏற்ற ஆரம்பித்துவிட்டார்களாம். இனி அவருக்குப் பின்வாங்க வழியில்லை. இன்குபேட்டரில் இருப்பது கெட்டால் அவரும் இல்லை.

3. கையெழுத்து

மதியச் சோற்றை மூடி வைத்துவிட்டு ஓர் எஸ்.ஓ.பி., அதாவது ஆய்வக வேலை விதி, எழுதினேன். 'செல் வளரும் காலத்தில் இன்குபேட்டரைப் பார்வையாளர் எவருக்காகவும் திறக்கக் கூடாது. டைரக்டர் வாய்மொழியாகச் சொன்னாலும் திறக்கக் கூடாது.' தர அதிகாரி ஃபரிடா படித்தாள், ஒன்றும் கேட்காமல் எண் போட்டுக் கொடுத்தாள். கையெழுத்துக்குப் போகும் கோப்பில், பதாகைக்கான கடிதத்துக்குக் கீழே வைத்தேன். டாக்டர் குணா நிறத்தை மட்டும் இன்னொரு முறை கேட்டுவிட்டு எல்லாவற்றிலும் கையெழுத்திட்டார். படிக்காமல் கையெழுத்திடுவது அவர் வழக்கம். அந்த வழக்கத்தால் அதுவரை நாங்கள்தான் அவதிப்பட்டோம்.

4. வருகை

டத்தோ எட்டுப் பேரோடு வந்தார். கண்ணாடிச் சுவருக்கு வெளியே நின்று பார்த்தார்.

"கிட்ட போய்ப் பாக்கலாமா, குணா?"

"தாராளமா, டத்தோ. பரமேஸ், தொறங்க."

கதவில் ஒட்டியிருந்த எஸ்.ஓ.பி. தாளை எடுத்து நீட்டினேன்.

"டாக்டர் போட்ட உத்தரவு, டத்தோ. அவரே வந்து சொன்னாலும் தொறக்கக் கூடாதுன்னு எழுத்துல குடுத்துருக்காரு."

டத்தோ மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். டாக்டர் குணாவும் எட்டிப் பார்த்து, தன் உத்தரவை முதன்முறையாகப் படித்தார். என்னைப் பார்த்த பார்வையில் என் இடமாற்றக் கடிதம் பாதி எழுதப்பட்டிருந்தது.

"இவ்ளோ ஸ்ட்ரிக்ட்டா நீங்க?" என்றார் டத்தோ. "இப்படித்தான் இருக்கணும். எங்க ஆபீஸ்ல ஒருத்தனும் இப்படி இல்ல."

மீதிப் பாதி எழுதப்படவில்லை. டாக்டர் குணாவின் முதுகு நிமிர்ந்தது.

"சேஃப்டி விஷயத்துல நான் யாருக்கும் விட்டுக் குடுக்கறதில்ல, டத்தோ."

அந்தத் தாளையே இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் படமெடுத்துக்கொண்டார்கள்.

5. பிறகு

செல்கள் நன்றாகப் பெருகின. ஆனால் செல் வளர்ந்தாலே ஆள் பிழைப்பார் என்றில்லை. செலுத்திய பிறகு நான் தினமும் ஃபோனைப் பார்த்தபடி இருந்தேன். இரண்டு வாரம் முடிவதற்குள் சாந்தி அழைத்தார்.

"அக்கா, வெள்ள அணு ஏறிருச்சாம். நாசி லெமாக் சாப்பிடணும்னு நர்ஸுகிட்ட சண்ட போடுறாரு."

நான் கழிப்பறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் அழுதுவிட்டு வந்தேன்.

டாக்டர் குணா அந்த எஸ்.ஓ.பி.யைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினார். கருத்தரங்குகளில் அதைத் தான் எப்படி யோசித்து எழுதினார் என்று அரை மணி நேரம் பேசுவார். எனக்கும் அழைப்பு வரும், முன்வரிசையில் உட்கார்ந்து கை தட்டுவேன்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். மேலதிகாரிக்குப் புரியவைக்க முயன்று நாட்களை வீணாக்காதீர்கள், என் சர்வீஸ் முழுக்க முயன்றும் அது நடக்கவில்லை. சரியான விதியை எழுதுங்கள், கையெழுத்து வாங்குங்கள், அது தன் யோசனைதான் என்று அவர் நம்பினால் நம்பட்டும். டாக்டர் குணாவின் பெயர் இன்றும் சுவரில் இருக்கிறது. மணிமாறன் கெர்லிங்கில் இருக்கிறார்.