எட்டாவது கணு

சென்ற ஆண்டு என் வேலை ஒரு தேர்வில் வந்து நின்றது. சிங்கப்பூரின் சாங்கியில் சரக்கு விமானங்களுக்குப் பெட்டிகளைப் பதிவு செய்து அனுப்பும் ஒரு சிறிய நிறுவனத்தில் பத்தொன்பது ஆண்டுகளாகக் கணினி அறையைக் கவனித்துக்கொள்கிறேன். புக்கிட் பாஞ்சாங்கில் என் வீட்டு வாசலிலிருந்து அந்த அறைக் கதவுவரை ஒரு மணி நாற்பத்தேழு நிமிடம். அறையில் பதினான்கு சர்வர்கள். அந்தப் பதினான்கையும் எடுத்துவிட்டு எல்லாவற்றையும் இணையம் வழியாக வாடகைக்கு எடுக்கும் கிளவுடுக்கு மாற்றப்போவதாக நிறுவனம் முடிவு செய்தது. அறை போனால் அறையைக் கவனிப்பவனும் போகவேண்டியதுதான். கிளவுடிலும் வேலை தெரியும் என்று ஒரு சான்றிதழைக் காட்டினால் மட்டும் ஒப்பந்தத்தை இன்னும் ஓராண்டுக்குப் புதுப்பிப்பார்கள். எனக்கு அறுபத்தாறு வயது.

என் மேலாளருக்கு நாற்பதுகூட ஆகவில்லை. நல்ல மனிதர். இதைச் சொல்லும்போது என்னைப் பார்க்காமல் மேசையைப் பார்த்தார்.

"அங்கிள், நீங்க வேணாம்னு சொன்னா யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க. ரெஸ்ட் எடுக்குற வயசுதானே."

"வேணாம்னு நான் சொல்லலையே. கான்ட்ராக்ட் முடிய எத்தனை நாள் இருக்கு?"

"ஒரு நாப்பது இருக்கும் லா."

நாட்காட்டியைப் பார்த்தேன். முப்பத்தெட்டுதான் இருந்தது.

அது எழுத்துத் தேர்வு அல்ல, செய்துகாட்டும் தேர்வு. எங்கோ ஒரு கட்டடத்தில் இருக்கும் பெரிய கணினி ஒன்றை இணையம் வழியாக நமக்கென்று எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்கு ஹோஸ்ட் என்று பெயர். அதற்குள் மென்பொருளாலேயே ஆன ஒரு கணினியை உருவாக்க வேண்டும். அது விர்ச்சுவல் மெஷின். அதில் தேவையானதையெல்லாம் நிறுவியபின் அச்சு எடுப்பதுபோல அதைப் பிரதி எடுக்க வேண்டும். அந்தப் பிரதிதான் இமேஜ். ஓர் இமேஜ் கையில் இருந்தால் அதேபோல எத்தனை மெஷின்களை வேண்டுமானாலும் எழுப்பலாம். தேர்வில் மூன்று கேட்பார்கள்.

இதில் ஒரு குழி இருக்கிறது. பிரதி எடுப்பதற்கு முன் மூல மெஷினின் பெயர், அடையாள எண், சாவிகள் எல்லாவற்றையும் துடைத்துவிட வேண்டும். துடைக்க மறந்தால் மூன்று மெஷின்களும் தாங்கள் ஒரே ஆள் என்று சொல்லிக்கொண்டு எழுந்து நிற்கும், ஒன்றோடொன்று மோதும். துடைக்காவிட்டாலும் பிரதி எடுக்கும் பொத்தான் சமர்த்தாக வேலை செய்யும் என்பதுதான் கொடுமை.

பயிற்சியில் பதினொரு முறை செய்து பார்த்தேன். மூன்று முறை துடைக்க மறந்தேன். பிறகு வேலையைப் பன்னிரண்டு படிகளாகப் பிரித்துக்கொண்டேன். பயிற்சிக் குறிப்பில் ஒன்பதுதான். ஆனால் என் கையில் பன்னிரண்டு இருக்கிறது. நான்கு விரல்கள், விரலுக்கு மூன்று கணுக்கள், கட்டைவிரல் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போகும். நான் எண்ணக் கற்றதே அப்படித்தான். துறைமுகத்தில் மூட்டை எண்ணும் குமாஸ்தாவாக முதல் வேலை பார்த்தபோதும் அப்படித்தான் எண்ணினேன். துடைக்கும் வேலை எட்டாவது கணுவுக்கு வந்தது, மோதிர விரலின் நடுக்கணு. அப்படிப் பிரித்தபின் ஒன்பது முறை செய்தேன். ஒருமுறைகூடத் தவறவில்லை.

தேர்வை வீட்டிலிருந்தே எழுதலாம் என்றார்கள். கணினியின் கேமரா வழியாக ஒரு கண்காணிப்பாளர் பார்த்துக்கொண்டிருப்பார். அவர் எந்த ஊரில் உட்கார்ந்திருந்தார் என்று தெரியாது. முகம் தெரியாது, குரலும் கிடையாது. திரையின் ஓரத்தில் ஆங்கில வரிகள் மட்டும் வந்து விழும். சனிக்கிழமை காலை பத்து மணிக்குத் தொடங்கினோம். அறையைச் சுற்றிக் காட்டு என்றார், காட்டினேன். சுவரில் எண்ணோ எழுத்தோ இருக்கக்கூடாது என்றார். தேதி கிழிக்கும் நாட்காட்டி, கோயிலில் கொடுத்த நாட்காட்டி, கடிகாரம் மூன்றையும் கழற்றினேன். கதவு நிலையில் பேரனின் உயரத்தைக் குறித்த ஏழு பென்சில் கோடுகளைக் கழற்ற முடியாது என்பதால் அதன்மேல் ஒரு துண்டைத் தொங்கவிட்டேன். மனைவி சமையலறையில் கதவைச் சாத்திக்கொண்டு தாளிக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

நான்காவது கணுவில் இருந்தபோது முதல் வரி வந்தது. உங்கள் உதடுகள் அசைகின்றன, யாரோடும் பேசக்கூடாது. என் உதடு அசையும் என்று அன்றுவரை எனக்கே தெரியாது. மூடிக்கொண்டேன். ஆறாவதில் அடுத்தது வந்தது. மேசைக்குக் கீழே உங்கள் கை என்ன செய்கிறது? கையை எடுத்து மேசைமேல் வைத்தேன். ஒளிக்க என்ன இருக்கிறது? எட்டாவதைத் தொட்டு, துடைத்து, ஒன்பதுக்குப் போனபோது, கையால் சைகை செய்கிறீர்கள், யாருக்கு, என்று கேட்டார்.

எனக்கே என்று பதில் தட்டினேன்.

திரை வெள்ளையானது. பத்து நிமிடத்தில் மின்னஞ்சல் வந்துவிட்டது. சந்தேகத்திற்குரிய நடத்தை காரணமாகத் தேர்வு ரத்து. முப்பது நாள் கழித்துத்தான் மறுபடி எழுதலாம். என் கையில் மீதி இருந்தது பதினேழு நாள்.

மின்னஞ்சலின் அடியில் ஒரு வழி கொடுத்திருந்தார்கள். உடலிலோ மனத்திலோ குறைபாடு உள்ளவர்கள் சலுகை கேட்டு ஒரு படிவம் அனுப்பினால், நேரில் மையத்துக்கு வந்து உடனே எழுதலாம். படிவத்தில் பதினான்கு கட்டங்கள். பார்வை, செவி, கை நடுக்கம், ஞாபக மறதி என்று வரிசையாக. பதினான்கையும் இரண்டு முறை படித்தேன். எதுவும் என்னுடையது அல்ல.

மேலாளரைத் தொலைபேசியில் கூப்பிட்டேன்.

"ஒரு டிக் தானே அங்கிள். போட்டு அனுப்புங்க லா."

"எதுல போடச் சொல்றீங்க?"

"கை நடுக்கம்னு போடுங்க."

"என் கை நடுங்கலை."

"வயசானா எல்லாருக்கும் கொஞ்சம் நடுங்கும். யாரு வந்து அளக்கப்போறா?"

"அவங்க அளக்கலைன்னா நான் அளப்பேன்."

அவர் பெருமூச்சு விட்டது கேட்டது. மனைவி சுற்றி வளைக்கவில்லை.

"வேலை போச்சுன்னா நாள் முழுக்க வீட்ல உக்காந்து எண்ணுவீங்க. நான் எத்தனை தடவை ஃபிரிட்ஜைத் திறக்குறேன்னு எண்ணுவீங்க. என்னால ஆகாது. பேசாம டிக் போடுங்க."

"ஒன்பது தடவை" என்றேன்.

"என்னது?"

"நேத்து."

அவள் எழுந்து சமையலறைக்குப் போனாள். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனாலும் நான் அந்தக் கட்டத்தில் குறி இடவில்லை. என்னை ஏமாற்றுக்காரன் என்று ஒருமுறை எழுதிவிட்டார்கள். அதைச் சரிசெய்ய நானே என்னை நோயாளி என்று எழுதிக் கொடுக்க வேண்டுமாம். இரண்டும் பொய். அவர்கள் பொய்யை அவர்கள் எழுதினார்கள், இன்னொரு பொய்யை என் கையால் எழுதமாட்டேன்.

திங்கட்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு தேர்வு மையத்துக்கே போனேன். லிட்டில் இந்தியாவில், சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில், துணிக்கடைக்கு மேலே இருக்கிறது. முப்பத்தெட்டுப் படிகள். முகப்பில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு தமிழ்ப் பெண்மணி இருந்தார். மையத்துக்கு அவர்தான் பொறுப்பு. கண்ணாடிச் சுவருக்கு அப்பால் வேறு ஏதோ தேர்வு நடந்துகொண்டிருந்தது.

"ஐயா, இந்தக் கட்டத்துல ஏதாவது ஒன்னு இருந்தாத்தான் சிஸ்டம் அடுத்த பக்கத்துக்கே போகும்" என்றார்.

"அது போகலைன்னா நானும் போகலை. இங்கயே இருக்கேன்."

"இங்க உக்காந்தா ஒன்னும் நடக்காது ஐயா."

"பரவால்ல. ஏசி நல்லா இருக்கு."

அவர் சிரிக்கவில்லை. நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். ஒரு மணி பத்து நிமிடம் ஆனது. இடையில் அவர் எழுந்து கண்ணாடி அருகே போய் உள்ளே இருப்பவர்களைச் சரிபார்த்தார். நாற்காலி நாற்காலியாகப் பார்வை நகர்ந்தது. அவருடைய வலது கை இடுப்போரம் தொங்கிக்கொண்டிருந்தது. கட்டைவிரல் ஆள்காட்டி விரலில் தொடங்கி ஒவ்வொரு கணுவாக இறங்கியது.

"எத்தனை பேரும்மா?" என்று கேட்டேன்.

"பதினொன்னு."

"சுண்டுவிரல் நடுக்கணுல நிக்குது. அதுக்கு எந்தக் கட்டத்துல டிக் போடுவீங்க?"

அவர் தன் கையைப் பார்த்தார். கட்டைவிரல் இன்னும் அங்கேயே இருந்தது.

"இதுக்காகவா உங்களை நிறுத்திட்டாங்க?"

"இதுக்கேதான். உதடும் அசைஞ்சுதாம்."

"எனக்கும் அசையுதா?"

"கொஞ்சம்."

அவர் வாயைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். தலைமை அலுவலகத்தைத் தொலைபேசியில் பிடித்து, இருபத்திரண்டு நிமிடம் ஆங்கிலத்தில் வாதாடினார். இது மருத்துவ விஷயம் அல்ல, எங்கள் ஆட்கள் எண்ணுகிற விதம் என்று மூன்று முறை சொன்னார். கடைசியில் படிவமே இல்லாமல், அவர் நேரில் கண்காணிப்பதாக இருந்தால் அனுமதிப்பதாகச் சொல்லிவிட்டார்கள். வியாழக்கிழமைக்கு இடம் கிடைத்தது.

வியாழனன்று அவர் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். கையை மேசைமேல் நன்றாகத் தெரியும்படி வைத்தேன். உதட்டையும் மூடிக்கொள்ளவில்லை. வலைப்பின்னல், ஹோஸ்டை வைப்பதற்கான குழு, ஹோஸ்ட், மெஷின் என்று கணு கணுவாக இறங்கினேன். ஆறாவதில் திரை உறைந்து நான்கு நிமிடம் போனது. மீண்டும் உயிர் வந்தபோது மெஷின் அணைந்திருந்தது. அணைப்பது ஒன்பதாவது வேலை. பத்தாவதான பிரதி எடுக்கும் பொத்தான் நீலமாக ஒளிர்ந்துகொண்டிருந்தது. என் சுட்டி அதன்மேல் போயே விட்டது. ஆனால் கட்டைவிரல் ஆறாவதை விட்டு நகரவில்லை. மெஷினைத் திரும்ப எழுப்பி, ஏழு செய்து, எட்டில் துடைத்து, அணைத்து, பிறகுதான் அந்தப் பொத்தானை அழுத்தினேன். மூன்று மெஷின்களும் மூன்று வெவ்வேறு பெயர்களோடு எழுந்தன. முடித்தபோது பதினொரு நிமிடம் மிச்சம் இருந்தது.

தேர்ச்சி பெற்றேன். ஆறு நாள் மீதியிருக்க ஒப்பந்தத்தைப் புதுப்பித்தார்கள். பதினான்கு சர்வர்களும் இப்போது இல்லை. அவற்றின் வேலையை நான் எழுப்பிய இருபத்தொரு விர்ச்சுவல் மெஷின்கள் செய்கின்றன.

ஆனால் அந்தத் தேர்வு இணையத்தளத்தில் என் கணக்கைத் திறந்தால் இரண்டு வரிகள் இருக்கின்றன. கீழே தேர்ச்சி. மேலே, சந்தேகத்திற்குரிய நடத்தை, ரத்து. மேல் வரியை நீக்கும்படி கடிதம் எழுதினேன். முன்கூட்டியே தெரிவிக்காதது என் தவறு என்று ஒப்புக்கொண்டால் பரிசீலிப்பதாகப் பதில் வந்தது. என் விரல்களைப் பயன்படுத்தப்போகிறேன் என்று யாருக்கும் முன்கூட்டியே தெரிவிக்கும் பழக்கம் எனக்கு இல்லை என்று திருப்பி எழுதினேன்.

"பாஸ் ஆயிட்டீங்க, வேலையும் இருக்கு. அந்த மேல் வரியை யாரு அங்கிள் பார்க்கப்போறா?" என்றார் மேலாளர்.

"நான் பார்க்குறேன்ல."

"இதுவரைக்கும் எத்தனை லெட்டர்?"

"ஏழு."

எட்டாவதை இன்று காலை அனுப்பினேன். அதில் விளக்கம் எதுவும் இல்லை. முன்பு எழுதிய ஏழின் தேதிகளையும் வரிசையாகக் குறிப்பிட்டு, பதில் வராதவை நான்கு என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.