சேவூர் சாலையில் ஒரு விண்கலத்துக்காகக் காத்திருந்தேன்

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு திருப்பூர் போனேன். கல்லூரித் தோழி மும்தாஜ் சேவூர் அருகே பனியன் துணி பின்னும் நிட்டிங் யூனிட் ஒன்றைப் புதிதாகத் தொடங்கினாள். திறப்பு விழாவுக்கு வராவிட்டால் பேசமாட்டேன் என்று சொல்லியிருந்தாள். விண்கலங்களின் பாதையைக் கணிப்பது என் வேலை. நாங்கள் அனுப்பிய சிறு கலம் ஒன்று அப்போது நிலாவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. இருந்தாலும் ஒருநாள்தானே என்று பெங்களூரில் இரவு ரயில் ஏறிவிட்டேன்.

திருப்பூரிலிருந்து அவிநாசி பதினான்கு கிலோமீட்டர். நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. ஆனால் காலை ஷிப்ட் நேரத்தில் உட்கார இடம் கிடைக்காது. அவிநாசிக் கோயிலைப் பார்த்துவிட்டு, சேவூருக்கு முந்நூறு ரூபாய் பேசி ஆட்டோ பிடித்தேன். ஓட்டுநர் பழனிசாமிக்கு நாற்பது வயதிருக்கும்.

பாதி வழியில் அலுவலகத்திலிருந்து அருண் அழைத்தார். நாங்கள் கணித்த பாதையிலிருந்து கலம் விலகுகிறதாம். அன்று மாலையே இயந்திரத்தை இயக்கித் திருத்தப் போகிறார்களாம். மேற்கொண்டு கேட்பதற்குள் தொடர்பு அறுந்தது.

பழனிசாமியிடம் விஷயத்தைச் சொன்னேன்.

“முன்னால போனா டவர் சுத்தமாக் கெடைக்காதுங்க. இங்கயே நிறுத்திக்கிறேனுங்க,” என்றார்.

அருகிலிருந்த பனியன் கம்பெனியின் இயந்திர இரைச்சல் சாலைவரை கேட்டது. அதில் எதையும் பேச முடியாது. அவரே உள்ளே போய்க் கேட்டுவிட்டு, சூப்பர்வைசர் ஜெஸியை அழைத்து வந்தார். ஜெஸிக்குத் தென்காசிப் பக்கம். நான் முழுதாக விளக்குவதற்குள் அவருக்குப் புரிந்துவிட்டது.

“துணி ரூம்ல சத்தம் வராது, வாங்க. யாரும் வராம நான் பாத்துக்கிடுதேன்.”

கூரைவரை அடுக்கிய துணி உருளைகளுக்கு நடுவே உட்கார்ந்து மீண்டும் அழைத்தேன். பாதைக் கணக்குகளை அலுவலகத்துக்கு வெளியிலிருந்து திறக்க முடியாது. அருண் அளவுகளைப் படிக்கப் படிக்க மனதில் வரைந்துகொண்டேன். கலத்தை ஏதோ ஒன்று தொடர்ந்து தள்ளுகிறது என்று குழு நினைத்தது. அப்படியானால் விலகல் நாளுக்கு நாள் பெருகும், திருத்தியே ஆக வேண்டும். எனக்கோ சந்தேகம். முந்தைய நாள் கலத்தைச் சூரியனை நோக்கித் திருப்பியபோது ஒரே ஒரு சிறு உதை விழுந்திருக்கலாம். அப்படியென்றால் தள்ளல் அதோடு முடிந்தது, விலகல் பொறுக்கக்கூடிய அளவைத் தாண்டாது. திருத்தினால் எரிபொருள்தான் வீண்.

“நீங்க சொல்றது தப்பாப் போனா, அப்புறம் திருத்த ரொம்ப எரிபொருள் வேணுமே?” என்றார் அருண்.

“தெரியும். இருந்தாலும் இன்னிக்கு நிறுத்துங்க. சாயந்தரம் இன்னொரு தடவை அளந்துட்டு முடிவு பண்ணலாம். நான் சொன்னேன்னு எழுதிக்கங்க.”

பேசி முடித்து எழுந்தேன். ஜெஸி கதவருகிலேயே நின்றிருந்தார். தேநீர் கொடுத்தார்.

மும்தாஜின் யூனிட்டில் புது இயந்திரங்கள் ஓடத் தொடங்கியதைப் பார்த்தேன். பிரியாணி இறங்கவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு, “சாப்பிட வேணாம், என் பக்கத்துல உக்காரு போதும்,” என்றாள் அவள். அங்கே சிக்னல் சரியாக இல்லாததால், மாலையில் அதே பழனிசாமியின் ஆட்டோவில் அவிநாசிக்குக் கிளம்பினேன். ஊருக்குள் நுழையும்போது அருண் அழைத்தார். புதிய அளவுகள் என் கணிப்போடு ஒத்துப்போயினவாம். திருத்தம் தேவையில்லை. மிஞ்சிய எரிபொருளில் கலம் நிலாவைக் கூடுதல் நாட்கள் சுற்றலாம். வண்டிக்குள்ளேயே அழுதுவிட்டேன்.

இந்தப் பக்கம் வருபவர்களுக்குச் சில வார்த்தைகள். காலை, மாலை ஷிப்ட் நேரங்களைத் தவிர்த்தால் பேருந்தில் இடம் கிடைக்கும். சேவூரிலிருந்து திரும்ப இருட்டுவதற்குள் வண்டி பேசி வைத்துக்கொள்ளுங்கள். வழியில் உதவி கேட்கத் தயங்க வேண்டாம். அன்று நான் நம்பியது கணக்கை மட்டுமல்ல, அதுவரை பெயர்கூடத் தெரியாத மனிதர்களையும்தான்.

இறங்கும்போது கிழக்கே நிலா எழுந்திருந்தது. கலம் அதை நோக்கித்தான் போகிறதா என்று பழனிசாமி கேட்டார். இப்போது நிலா இருக்கும் இடத்துக்கு அல்ல, கலம் போய்ச் சேரும் நாளில் நிலா எங்கே வருமோ அந்த இடத்துக்கு என்றேன்.

அவர் திரும்பி நிலாவைப் பார்த்தார். பிறகு கைபேசியை எடுத்து மகளை அழைத்தார்.

“கண்ணு, ஊட்டுக்கு வெளிய வா. நிலாவப் பாரு. இல்ல, அதுக்குக் கொஞ்சம் முன்னால பாரு.”