தும்பைக்குக் கட்டிய சிவப்பு டேக்

கசக்கிய தும்பை இலையின் காட்டம் தெரியுமா உங்களுக்கு? மூக்கில் ஏறி உள்ளே உட்கார்ந்துகொள்ளும். இன்று காலை கம்பெனி வாட்ஸப் குரூப்பில் ஒரு போட்டோ வந்ததும் அந்த வாசம்தான் முதலில் வந்தது...

போட்டோவில் ஒரு போர்டு. "பல்லுயிர்ப் பூங்கா". கீழே பிளாஸ்டிக் புல். போர்டில் தும்பைப்பூ படம், ஃப்ளெக்ஸில்!



ஒரகடத்தில் நான் டிரெய்னியாகச் சேர்ந்தபோது அந்த இடம் நிஜக் காடு. பிளாண்ட் கட்டும்போது வெட்டாமல் விட்டுப்போன துண்டு, கேன்டீனுக்குப் பின்னால். வேலமும் புங்கமும் நிற்கும். பனி விலகி வெயில் ஏறும் நாட்களில் மரத்தடி முழுக்கப் பூ. வெள்ளையாகத் தும்பை, நீலமாக விஷ்ணுகிராந்தி, பேர் தெரியாத மஞ்சள் பொடிப்பூ ஒன்று. டீ பிரேக்கில் அங்கே போனால், மிதிபடக்கூடாதென்று ஷூவைத் தூக்கித் தூக்கி வைத்து நடப்போம்.

ஹவுஸ்கீப்பிங் கனகம் அக்காவுக்குப் பென்னலூர். மகள் பிரசவத்தில் பிழைத்ததற்கு நேர்ந்துகொண்டு, சிவராத்திரிக்குச் சிவராத்திரி தன் கையால் தும்பை மாலை கட்டி ஈஸ்வரனுக்குப் போடுவார். அவர் ஊரைச் சுற்றி எல்லாம் பிளாட் கல் நட்டாகிவிட்டது. தும்பை கிடைத்தது இங்கே மட்டும்தான்.

அந்த மாசியில், கம்பெனி சுற்றுச்சூழலைக் காக்கிறதா என்று பார்க்கும் பசுமை ஆடிட் வருவதாக இருந்தது. அதற்கு முன்னால் சூப்பர்வைசர் சுற்றிப் பார்த்துவிட்டு, "இன்னா இது, காடு மாதிரி கீது? களையெல்லாம் எடுத்துட்டு லெவல் பண்ணுங்க" என்றார்.

காடு மாதிரியா? காடுதானய்யா அது!

...மனசுக்குள்தான் சொன்னேன்.

எங்கள் கம்பெனியில் வேண்டாத பொருள் எதுவானாலும் சிவப்பு டேக் கட்டினால்தான் அப்புறப்படுத்துவார்கள். உடைந்த ட்ராலி, பழைய நாற்காலி... அந்த ஏரியாவுக்கு டேக் எழுதுகிறவள் நான். புங்க மரத்தில் கட்டினேன். "பொருள்: களை. தேவை: இல்லை." கீழே என் கையெழுத்து.

அக்கா ஓடி வந்தார். "கண்ணு, ரெண்டே நாளு பொறுக்கச் சொல்லு. சிவராத்திரி முடியட்டும், நானே புடுங்கிடறேன்."

"கேட்டுப் பாக்கறேன்க்கா" என்றேன்.

மறுநாளே ஜேசிபி வந்து வழித்துப் போட்டது. மிச்சத்தை எங்களையே பிடுங்க வைத்து, மேலே பிளாஸ்டிக் புல் விரித்தார்கள். க்ளவுஸைக் கழற்றியும் வாசம் போகவில்லை.

அடுத்த வாரம் வந்த ஆடிட்டர் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? "இங்க தானா முளைச்ச செடிங்க எங்க சார்?"

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். தரையில் பிளாஸ்டிக் புல். அட பாவிங்களா... அந்தக் கேள்விக்கு இத்தனை வருஷம் கழித்துப் பதில் சொல்கிறார்கள், ஃப்ளெக்ஸில்!

அந்தப் புல்லைத் தினமும் பெருக்குவது யார்? அதே கனகம் அக்கா. இப்போதெல்லாம் சிவராத்திரிக்குக் கடை மாலைதான் போடுகிறார்.

இந்த மாசியிலும் கேன்டீனில் புதுப் பெண்களிடம் என்னைக் காட்டிச் சொன்னார். "இந்தப் பொண்ணு ஒண்ணுதான் எனக்காக சார்கிட்ட போயி கேட்டுச்சு. அவங்க உடல. அது இன்னா பண்ணும், பாவம்?"

கம்பெனியைத் திட்ட இவ்வளவு வாய் இருக்கிறது எனக்கு. அக்கா வந்து கெஞ்சிய அன்றைக்கு டிரெய்னி பீரியட் முடிய ஒரு மாதம் பாக்கி. எங்கே பெர்மனென்ட் ஆகாமல் போய்விடுமோ என்று பயம்.

நான் கேட்கவே இல்லை, அக்கா.